எங்க ஊர் பாறை வெங்காயம் மாதிரி உரியுது, அடிவாரத்துல வீடு கட்டலாமா?

மலையடிவாரம் (ஞாயிறு, இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவ கேள்வியோட வர்றேன், நீளமா போனா மன்னிச்சிருங்க. எங்க ஊரு செஞ்சி பக்கம். அந்த ரூட்ல போனவங்களுக்கு தெரியும், எங்க மலையெல்லாம் மண்ணு மலை கிடையாது, யாரோ லாரி லாரியா உருண்டைக் கல்லைக் கொண்டாந்து கொட்டிட்டு போன மாதிரி இருக்கும். அப்படி ஒரு கரட்டுக்கு அடியில தாத்தா வழில வந்த நிலம் 40 சென்ட் இருக்கு, அதுல வீடு கட்டலாம்னு இருக்கேன்.

விஷயம் என்னன்னா அந்த கரடுல பெரிய வழுக்குப் பாறை ஒண்ணு இருக்கு, அது வெங்காயம் மாதிரி உரியுது. நிஜமா தான் சொல்றேன். நாலு விரக்கட தடிமன்ல பலகை பலகையா எழும்பி நிக்குது, சிலது சறுக்கி கீழ வந்து கிடக்கு. சித்திரை வெயில்ல மதியானம் மூணு மணி வாக்குல சில நாள் "டம்"னு வெடிச் சத்தம் மாதிரி கேக்கும்னு பாட்டி சொல்லும், நானே சின்ன வயசுல ஒரு தடவ கேட்டிருக்கேன். பாட்டிய கேட்டா மலை வளருது அதான் தோல் உரியுதுங்குது. கொத்தனார் வாஸ்து பாத்தாச்சு ஆரம்பிக்கலாம்ங்கறார். எனக்கு தான் ராத்திரி தூக்கம் வரல. கருங்கல்லு எப்படிங்க உரியும்? இத நம்பி கீழ வீடு கட்டலாமா?

சும்மா_வந்தவன் (ஞாயிறு, இரவு 9.20)

எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்லுவாங்கல்ல, உங்க ஊர்ல எறும்பு ஜாஸ்தி போல ஹிஹி

வெயில்காலம் (ஞாயிறு, இரவு 9.41)

இதுக்கு ஏன் பயப்படறீங்க, ஸ்கூல் புக்லயே இருக்கே. பகல்ல வெயில்ல பாறை விரியும், ராத்திரி குளிர்ல சுருங்கும், இப்படியே தினம் தினம் நடந்து மேல்தோல் மட்டும் உரிஞ்சு வரும். பாறை உரிதல்னு தனியா ரெண்டு மார்க் கேள்வியே வரும். அவ்ளோதான் மேட்டர்.

கல்லூரணி (ஞாயிறு, இரவு 11.05)

நான் காலேஜ்ல நிலவியல் எடுத்தவ, இப்ப ரிட்டயர்டு, அதனால ராத்திரி பதினோரு மணிக்கு இதெல்லாம் டைப் அடிக்க நேரம் இருக்கு.

தம்பி, உங்க பாட்டி சொன்னது பாதி சரி. மலை வளரல, ஆனா மூச்சு விடுதுன்னு வச்சுக்கங்க. உங்க செஞ்சி கருங்கல்லுக்கு வயசு கிட்டத்தட்ட 250 கோடி வருஷம். அது உருவானது இப்ப நீங்க பாக்கற இடத்துல இல்ல, தரைக்கு பல கிலோமீட்டர் கீழ, மேல அத்தனை பாறையும் அழுத்திட்டு இருந்தப்போ. கோடிக்கணக்கான வருஷமா மழையும் ஆறும் மேல இருந்தத அரிச்சு அரிச்சு கொண்டு போயிருச்சு, பாரம் இறங்கிருச்சு. மூட்டை தூக்கினவன் மூட்டைய இறக்கினதும் முதுக நிமித்துவான்ல, அந்த மாதிரி பாறையும் மேல் பக்கமா லேசா விரியும். கருங்கல்லு ரப்பர் இல்லையே, விரியறப்ப தரைக்கு இணையா விரிசல் விடும். மேல நெருக்கமா, உள்ள போக போக இடைவெளி அதிகமா. அந்த விரிசல் தான் உங்க வெங்காயத் தோலோட ஓரம்.

வெயில் மட்டுமே காரணம்னு புக்ல இருக்கறத நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக் குடுத்தவ தான். அதுல ஒரு சிக்கல் இருக்கு, நாளைக்கு எழுதறேன், கண்ணு எரியுது.

வெயில்காலம் (திங்கள், காலை 6.50)

மேடம் புக்ல தப்புன்னு சொல்றீங்களா? அப்ப நாங்க எழுதின மார்க்கெல்லாம்?

தமர்_மாமா (திங்கள், காலை 7.30)

நான் படிக்காதவன், ஆனா 31 வருசம் கல்லோட தான் பொழப்பு, கிணறு வெட்டறது, தூண் கல்லு, படிக்கல்லு எல்லாம். எங்கப்பா காலத்துல கம்ப்ரசர் எல்லாம் கிடையாது. பலகை கல்லு எடுக்கணும்னா பாறை மேல வெறக போட்டு வரிசையா நெருப்பு மூட்டுவாங்க. நெருப்ப கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளிக்கிட்டே போவாங்க, பின்னாடியே ஒருத்தர் சுத்தியலால தட்டிக்கிட்டே வருவாரு. கணீர்னு கேட்டா இன்னும் எழும்பலன்னு அர்த்தம், பொத்துனு கேட்டா அடியில விட்டுருச்சுன்னு அர்த்தம், நெருப்ப அடுத்த இடத்துக்கு தள்ளலாம். நாலு விரக்கட தடிமன்ல தோசை திருப்புற மாதிரி பலகை கழண்டு வரும். அப்ப சூடு பட்டா கல்லு உரியும்ங்கறத நான் கண்ணால பாத்திருக்கேன் மேடம். வெயிலால ஆகாதுன்னு எப்படி சொல்றீங்க?

அப்புறம் தம்பி அந்த "டம்" சத்தம் நிஜம். கல்குவாரில வேலை இல்லாத நாள்ல கூட மதியானம் பாறை தானா சத்தம் போடும். அப்ப பெரியவங்க யாரையும் அடியில உக்கார விடமாட்டாங்க.

கல்லூரணி (திங்கள், மதியம் 2.15)

தமர் மாமா, உங்க கமெண்ட்ட நாலு தடவ படிச்சேன். இத யாராவது அப்பவே எழுதி வச்சிருக்கணும்.

உங்க நெருப்புக்கும் வெயிலுக்கும் என்ன வித்தியாசம்னா சூட்டோட அளவு. வெறக நெருப்பு நூத்துக்கணக்கான டிகிரி, கருங்கல்லுக்குள்ள இருக்கற குவார்ட்ஸ் அந்த சூட்டுல தாறுமாறா விரியும். சித்திரை வெயில்ல பாறை 60 டிகிரி தொட்டாலே பெருசு. சரி, அந்த 60 டிகிரி தினம் தினம் பட்டா? இதத்தான் அமெரிக்காவுல டேவிட் கிரிக்ஸ்னு ஒருத்தர் 1936ல பண்ணி பாத்தார். பாலிஷ் போட்ட கருங்கல் துண்ட ஹீட்டர்ல சூடாக்கறது, காத்துல ஆற வைக்கறது, மறுபடி சூடு, மறுபடி ஆறல். 89,400 தடவ. ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு வச்சா 244 வருஷ வெயில். முடிவுல மைக்ரோஸ்கோப்ல பாத்தா கல்லுக்கு ஒண்ணுமே ஆகல. அப்புறம் சின்னதா ஒரு மாத்தம் பண்ணார், காத்துக்கு பதிலா தண்ணி தெளிச்சு ஆற வச்சார். கொஞ்ச நாள்லயே பாலிஷ் மங்கி விரிசல் தெரிய ஆரம்பிச்சுருச்சு.

அதாவது காஞ்ச வெயில் தனியா வந்தா கருங்கல்லு சட்ட பண்றதில்ல, தண்ணியோட கூட்டு சேந்து வந்தா தான் வேலைக்கு ஆகும். வெயில்காலம் தம்பி, பேரை மாத்தி "வெயிலும்மழையும்"னு வச்சுக்கங்க.

வெயில்காலம் (திங்கள், மாலை 5.02)

அது சின்ன துண்டு கல்லு மேடம். சின்ன துண்டுன்னா எல்லா பக்கமும் ஒண்ணா சூடாகும், விரியறதுக்கு தடையே இல்ல. முழு மலை அப்படியா? வெளித்தோல் சூடு, உள்ள சில்லுனு. நான் ஒத்துக்க மாட்டேன்.

கல்லூரணி (திங்கள், இரவு 8.40)

நல்லா பிடிச்சீங்க, கிரிக்ஸ் மேல பின்னாடி வந்தவங்க சொன்ன குறையும் இதேதான். உங்க பக்கத்துக்கு நானே ஒரு சாட்சி தர்றேன். கலிஃபோர்னியாவுல யோசெமிட்டின்னு கருங்கல் பள்ளத்தாக்கு இருக்கு, செங்குத்தா நிக்கற பாறை. அங்க ப்ரையன் காலின்ஸ், க்ரெக் ஸ்டாக்னு ரெண்டு பேர், ஏற்கெனவே பாதி உரிஞ்சு நிக்கற 19 மீட்டர் உயர பலகை ஒண்ணுல கருவிய மாட்டி மூணரை வருஷம் அளந்தாங்க. அந்த பலகை பகல்ல சூட்டுல வெளிப்பக்கமா வளைஞ்சு விலகுது, ராத்திரி திரும்பி ஒட்டுது. ஒரு நாள்ல ஒரு சென்டிமீட்டர் கிட்ட! கதவு மாதிரி தினம் திறந்து மூடுது. ஒவ்வொரு தடவையும் விரிசல் முனை இத்துனூண்டு நீளும், கோடைல நிரந்தரமா கொஞ்சம் விலகும், கடைசில ஒரு நாள் விழும். 2016ல அந்த ஆய்வு வந்துச்சு.

2014 ஆகஸ்ட்ல அதே கலிஃபோர்னியாவுல ட்வெயின் ஹார்ட்னு ஒரு ஊர்ல ஏரிக்கரைப் பாறை ஒண்ணு வெயில்ல டமார்னு வெடிச்சு தூக்கிப் போட்டத வீடியோவே எடுத்திருக்காங்க. தூசி கிளம்பறது தெரியும். உங்க பாட்டி கேட்ட சத்தமும் அந்த ஜாதி தான் தம்பி.

ஆக விரிசல போட்டு வச்சது பாரம் இறங்கினது. அத தினம் ஆட்டி ஆட்டி பெருசாக்கறது வெயில். உள்ள பூந்து ஒட்டுறத அறுக்கறது தண்ணி. வேர் பூந்தா இன்னும் வேகம். ஒருத்தர் மேல மட்டும் பழி போட முடியாது.

சும்மா_வந்தவன் (திங்கள், இரவு 8.52)

கூட்டு சதின்னு சொல்லுங்க மேடம்

மலையடிவாரம் (செவ்வாய், காலை 9.30)

மேடம், மாமா, வெயில்காலம் ப்ரோ எல்லாருக்கும் நன்றி. வீட்டம்மா கிட்ட படிச்சு காட்டினேன், யோசெமிட்டி கதவு கதைய கேட்டதும் அவங்களுக்கும் தூக்கம் போச்சு.

இன்னொரு விஷயம். நிலத்துல பழைய கிணறு இருக்கு. மேல செம்மண்ணு ஒரு ஆள் உயரம், அதுக்கு கீழ சரளை மாதிரி, அதுக்கும் கீழ பாத்தா பாறை மாதிரியே தெரியுது, வரி கூட அப்படியே இருக்கு, ஆனா கைய வச்சா பொலபொலன்னு உதிருது. வெள்ளை வெள்ளையா மாவு கையில ஒட்டுது. நடுவுல மட்டும் உருண்டை உருண்டையா கெட்டிக் கல்லு பதிஞ்சு கிடக்கு, பணியாரத்துக்குள்ள பருப்பு மாதிரி. இது என்ன கல்லு?

தமர்_மாமா (செவ்வாய், காலை 10.10)

அது உக்கின பாறை தம்பி. கடப்பாரையில வரும், வெடி வேண்டாம். வெட்ட சுகமா இருக்கும் ஆனா பக்கச்சுவரு நிக்காது, ரிங் இறக்கணும். நடுவுல கிடக்கற குண்டு வந்துச்சுன்னா தான் தமர் (வெடி வைக்க கல்லுல போடற ஓட்டை) அடிக்கணும், அதுல தான் எங்க கூலியே போகும்.

கல்லூரணி (செவ்வாய், மதியம் 1.20)

அந்த உருண்டைய பாத்தீங்கல்ல, உங்க மலை மேல கிடக்கற உருண்டைக் கல்லெல்லாம் அது தான்! யாரும் கொட்டல, எங்கிருந்தும் உருண்டும் வரல. முழுப் பாறையில குறுக்கும் நெடுக்குமா விரிசல், அதாவது பெட்டி பெட்டியா. தண்ணி விரிசல் வழியா இறங்கி பெட்டியோட ஓரத்த தின்னும். முனைன்னா மூணு பக்கமும் தண்ணி, ஓரம்னா ரெண்டு பக்கம், நடுப்பரப்புன்னா ஒரு பக்கம். அதனால முனை தான் முதல்ல போகும், சதுரம் உருண்டையாயிரும். வெல்லக் கட்டி வாயில கரையறப்ப முனை மழுங்கற மாதிரி. இதெல்லாம் மண்ணுக்கு அடியில, இருட்டுல நடக்கற வேலை. அப்புறம் மழை வந்து உக்கின மாவ கழுவிட்டு போயிரும், உருண்டை மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும். உங்க செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு ஏறறப்ப ரெண்டு பக்கமும் பாக்கறது எல்லாமே இது தான்.

அந்த வெள்ளை மாவு: கருங்கல்லுல முக்கியமா மூணு சாமான். கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், வெள்ளையாவோ ரோஸாவோ ஃபெல்ஸ்பார், கருப்பா மினுக்கற மைக்கா. மழைத்தண்ணி காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட கரைச்சுக்கிட்டு தான் கீழ வருது, அதனால லேசான புளிப்பு, பிஹெச் 5.6 கிட்ட. மண்ணுக்குள்ள வேரும் மக்குற இலையும் விடற வாயு சேந்து இன்னும் கொஞ்சம் புளிப்பு ஏறும். அந்த தண்ணி ஃபெல்ஸ்பார்ல இருக்கற பொட்டாசியம், சோடியத்த கரைச்சு எடுத்துட்டு போயிரும், மிச்சம் நிக்கறது களிமண்ணு. நெத்தில நாமம் போடறதுக்கு நாமக்கட்டி செய்யறாங்களே திருவண்ணாமலை மாவட்டம் ஜடேரில, 2023ல புவிசார் குறியீடு கூட வாங்குச்சு, அதுவும் அலுமினியம் சிலிகேட் களிமண்ணு தான். மைக்கால இருக்கற இரும்பு துருப்பிடிச்சா செம்மண்ணு நிறம். குவார்ட்ஸ் மட்டும் எதுக்கும் அசையாது, அப்படியே மணலா ஆத்துக்கு போகும். சிதைவு வேற, அரிப்பு வேறங்கறது இங்க தான். கல்ல இடத்துலயே உக்க வைக்கறது சிதைவு, உக்கினத தூக்கிட்டு போறது அரிப்பு. பசங்க பரீட்சைல ரெண்டையும் போட்டு கொழப்புவாங்க.

செட்டிநாட்டு_ஆச்சி (செவ்வாய், மாலை 4.45)

நான் சமையல் பகுதிக்கு போக வேண்டியவ வழி தவறி வந்துட்டேன், ஆனா ஒரு சந்தேகம். நம்ம மசாலாவுக்கு போடற கல்பாசியும் கல்லை திங்கும்னு என் பேரன் சொல்றானே உண்மையா?

கல்லூரணி (செவ்வாய், மாலை 6.00)

பேரன் விவரமானவன் ஆச்சி. கல்பாசிங்கறது பாசி கிடையாது, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேந்து குடித்தனம் பண்ற ஜீவன். கடைல வர்றது மரத்துலயும் வளரும் பாறையிலயும் வளரும். பாறைல ஒட்டற லைக்கன் ஆக்சாலிக் மாதிரி அமிலத்த விட்டு கல்லுல இருக்கற தாதுவ கரைக்கும், நூல் மாதிரி வேர் விட்டு துகள் துகளா பெயர்க்கும். மலைப் பாறையில வட்ட வட்டமா வெளிர் பச்சை தேமல் இருக்குமே அது தான். ரொம்ப ரொம்ப மெதுவா வளரும், இத ஞாபகம் வச்சுக்கங்க தம்பி, உங்க வீட்டு விஷயத்துக்கு பின்னாடி தேவைப்படும்.

யாழ்_கிணறு (செவ்வாய், இரவு 10.30)

வணக்கம், நான் யாழ்ப்பாணம். உங்கட கருங்கல் கதையை வாசிக்க எனக்குப் பொறாமையா கிடக்கு, எங்களிட்ட மலையே இல்லை, வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை. எங்கட நிலம் முழுக்க சுண்ணாம்புக்கல். கல்லூரணி அம்மா சொன்ன அந்தப் புளிப்பு மழை இருக்கெல்லோ, அது உங்கட கல்லை உக்க வைக்கத்தான் செய்யுது, எங்கட கல்லை அப்பிடியே கரைச்சுக் கொண்டு போயிடும், மிச்சமெண்டு பெரிசா ஒண்டும் நிக்காது. அதாலதான் நிலத்துக்குக் கீழ குகையும் ஓட்டையுமா கிடக்கு. நிலாவரைக் கிணறு கேள்விப்பட்டிருப்பியள், அடியே இல்லாத கிணறு எண்டு சின்னனில எங்களைப் பயப்படுத்துவினம். அது ஆரும் வெட்டின கிணறில்லை, கல்லுக் கரைஞ்சு மேற்தளம் இடிஞ்சு விழுந்த பள்ளம். கீரிமலைக் கேணியில ஊறுற தண்ணியும் இப்பிடிக் கல்லு வெடிப்புக்குள்ளால வாறதுதான்.

வசதியும் அதுதான், கஷ்டமும் அதுதான். பெய்யிற மழை நேர கீழ இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல நல்ல தண்ணியா மிதந்து கொண்டு நிக்கும், அதை அளவா அள்ளினா வருசம் முழுக்கக் குடிக்கலாம். மோட்டரைப் போட்டு மொத்தமா இறைச்சா கீழ நிக்கிற உப்பு மேல வந்திடும். தோட்டத்துக்குப் போடுற உரமும் அந்த ஓட்டைக்குள்ளால நேர கிணத்துக்குத்தான் போகும், இடையில வடிகட்ட உங்கட மாதிரி மொத்தமான மண் இல்லை. கல்லுக்கு ஏற்ற மாதிரித்தான் கிணறும், பாருங்கோ.

கடற்கரை_வாசல் (புதன், காலை 8.15)

நான் மாமல்லபுரத்துல டூரிஸ்ட்டுங்கள கூட்டிட்டு சுத்தறவன். உப்பு பத்தி யாருமே பேசலையேன்னு வந்தேன். அர்ச்சுனன் தபசு போய் பாருங்க, 7ஆம் நூற்றாண்டு வேலை, பூனை தவம் பண்றது, அதோட விலா எலும்பு எல்லாம் இன்னும் தெரியும். அங்கிருந்து நடந்து கடற்கரைக் கோயிலுக்கு வாங்க, அது பல்லவ ராஜா ராஜசிம்மன் காலம், வயசுல கொஞ்சம் இளசு தான், ஆனா கடல பாத்த பக்கத்து சிற்பமெல்லாம் மூக்கும் முழியும் மழுங்கி மெழுகு உருகின மாதிரி இருக்கும். ஒரே ஊரு, ஒரே மாதிரி கல்லு. வித்தியாசம் முக்கியமா உப்புக்காத்து தான். உப்புத்தண்ணி கல்லோட நுண்ணு துளைக்குள்ள போகும், வெயில்ல தண்ணி ஆவியாகும், உப்பு உள்ளயே படிகமா வளந்து துளைய நெம்பும். தொல்லியல் துறைல பேப்பர் கூழ ஈரமா கோயில் மேல அப்பி காய விட்டு உரிச்சு எடுப்பாங்க, கல்லுக்குள்ள இருக்கற உப்பு கூழுக்கு ஏறிரும். அந்த பேஸ் பேக் பண்றப்ப வெளிநாட்டுக்காரங்க கோயிலுக்கு ஜுரமான்னு கேட்டாங்க. அலை நேரா மோதாம இருக்க கல்லு கொட்டி தடுப்பும் போட்டு, சவுக்கு தோப்பும் வச்சிருக்காங்க.

அப்புறம் எங்க ஊர்ல வெண்ணெய் உருண்டைன்னு ஒரு பெரிய பாறை. 250 டன், சரிவுல நிக்குது, எப்படி நிக்குதுன்னு தினம் பத்து பேராவது கேப்பாங்க. அதுவும் மேடம் சொன்ன உருண்டை தான சொல்லுங்க மேடம், இனிமே நான் அப்படியே சொல்லி டிப்ஸ் வாங்கிக்கறேன்.

கல்லூரணி (புதன், காலை 11.00)

அதே தான். எங்கிருந்தும் உருண்டு வந்து நிக்கல, நின்ன இடத்துலயே சுத்தி இருந்தது உக்கி போய் மிச்சமானது. அடிப்பாகம் பாறையோட நல்லா பொருந்தி உக்காந்திருக்கு, உராய்வு போதும். டிப்ஸ்ல பாதி எனக்கு.

சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு. பல்லாவரம், பரங்கிமலை கல்லுக்கு உலகம் பூரா சார்னகைட்னு பேரு. கல்கத்தாவுல ஜாப் சார்னக்னு கிழக்கிந்திய கம்பெனிக்காரன் செத்தப்ப அவன் கல்லறைக்கு மெட்ராஸ் பக்கத்து கல்ல கொண்டு போனாங்க. 1893ல தாமஸ் ஹாலண்ட்னு ஒரு நிலவியலாளர் அந்த கல்லறைக் கல்ல ஆராய்ச்சி பண்ணி அவன் பேரையே கல்லுக்கு வச்சுட்டார். கல்லு நம்மளது, பேரு அவனோடது. எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல்.

டெல்டா_விவசாயி (புதன், மதியம் 3.30)

எங்க ஊர்ல கல்லே கிடையாதுங்க. தஞ்சாவூர் சுத்துவட்டாரத்துல அம்மிக்கு கூட வெளியூர் கல்லு தான், பெரிய கோயிலுக்கே கல்ல வெளியிலேர்ந்து கொண்டாந்தான் ராஜராஜன். ஆனா இங்க எழுதறத படிச்சா எங்க வயல் மண்ணே உங்க மலை தான போல. குடகுல, நீலகிரில உக்கினது எல்லாம் காவேரில வந்து எங்க கிட்ட வண்டலா படிஞ்சது. இப்ப எங்க வருது? 1934ல மேட்டூர் அணை கட்டினாங்க, தண்ணிய முறை வச்சு விட்டாங்க சரி, ஆனா வண்டல் அங்கயே தங்கிருது. வர்ற கொஞ்ச மணலையும் ராவோட ராவா லாரில ஏத்திர்றான். மலை கொடுக்கறதுக்கு பல லட்சம் வருஷம், இவன் எடுக்கறதுக்கு ஒரு ராத்திரி.

சும்மா_வந்தவன் (புதன், மதியம் 3.44)

லாரின்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு எங்க ஏரியா எம்எல்ஏ

மட்டுறுத்துநர் (புதன், மாலை 4.10)

இதுக்கு கீழ வந்த ஆறு கமெண்ட்ட எடுத்தாச்சு. அரசியலுக்கு தனி இழை இருக்கு. மலையடிவாரம் கேட்டது வீட்டப் பத்தி, அதுக்கு வாங்க.

ஊட்டி_பனி (புதன், இரவு 9.00)

நான் கோத்தகிரி பக்கம், அந்த வீட்டு விஷயத்துக்கே வர்றேன். 2009 நவம்பர்ல எங்க மாவட்டத்துல ஒரே வாரத்துல 40 பேருக்கு மேல மண்ணுல போனாங்க, அதுல எனக்கு தெரிஞ்ச குடும்பமும் உண்டு. அதனால சும்மா தைரியம் சொல்ல மாட்டேன். எங்க மலை உங்க மலை மாதிரி மொட்டைப் பாறை இல்ல, பாறை மேல பல மீட்டர் ஆழத்துக்கு உக்கின மண்ணு. காஞ்சிருக்கற வரைக்கும் கெட்டியா நிக்கும், விடாம மழை பெய்ஞ்சு ஊறிருச்சுன்னா மண்ணு முழுக்க கனம், அடியில வழுக்கல், மொத்தமா இறங்கிரும். ரோடு போட அடிவாரத்த வெட்டி எடுத்திருந்தா சொல்லவே வேண்டாம்.

உங்களுக்கு ரொம்ப பக்கத்துலயே நடந்துச்சே, 2024 டிசம்பர் 1, திருவண்ணாமலை. ஃபெஞ்சல் புயல் மழைல மலைச்சரிவுலேர்ந்து மண்ணும் பாறையும் இறங்கி வீட்டு மேல விழுந்து ஏழு பேர். அதுவும் கருங்கல் மலை தான்.

மலையடிவாரம் (புதன், இரவு 9.25)

ஆமாங்க. அன்னிக்கு பக்கத்து மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கிட்ட மழை, எங்க ஊர் ஏரியும் நிரம்பி வழிஞ்சுச்சு. அதுக்கப்புறம் தான் எனக்கு இந்த பயமே. அப்ப கட்டக்கூடாதா? ஒரே நிலம் தான் இருக்கு.

கல்லூரணி (புதன், இரவு 10.20)

கட்டக்கூடாதுன்னு போட்டோ கூட பாக்காம யாரும் சொல்ல முடியாது, கட்டலாம்னும் சொல்ல முடியாது. நேர்ல வந்து பாக்கற ஒரு நிலவியல் ஆள காட்டிருங்க, கலெக்டர் ஆபீஸ்ல கனிமவளத் துறைல கேட்டா வழி சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே பாக்க வேண்டியது இருக்கு.

உருண்டை எது மேல உக்காந்திருக்குன்னு பாருங்க. பாறை மேல நேரா உக்காந்த உருண்டை ஆயிரக்கணக்கான வருஷம் நிக்கும், மொட்டைக் கருங்கல் தேயறதே பத்து லட்சம் வருஷத்துக்கு சில மீட்டர் தான். உக்கின மண்ணு மேலயோ செம்மண்ணுல பாதி புதைஞ்சோ நிக்கற உருண்டை தான் எமன். மழைல அடிமண்ணு கரைஞ்சா அதுக்கு பிடிமானமே இல்ல. அடுத்து கீழ விழுந்து கிடக்கற கல்ல பாருங்க. கல்லு எது வரைக்கும் வந்து நின்னிருக்கோ அது வரைக்கும் மலை ஏற்கெனவே கைய நீட்டி பாத்திருக்குன்னு அர்த்தம், அதுக்கு இந்தப் பக்கம் வீடு வேண்டாம். உடைஞ்ச முகத்துல லைக்கன் தேமலும் கருப்பும் ஏறி இருந்தா பழைய விழுகை. வெள்ளையா, புதுசா, சுத்தமா இருந்தா சமீபத்துல விழுந்தது. இதுக்கு தான் ஆச்சியோட கல்பாசிய ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்.

மழைத்தண்ணி இறங்கற வாய்க்கால் தடம் எங்க இருக்குன்னு பாட்டிய கேளுங்க, அந்த தடத்துல கக்கூஸ் கூட கட்டாதீங்க. சரிவ வெட்டி சமன் பண்றேன்னு ஜேசிபி விட வேண்டாம்.

தமர்_மாமா (வியாழன், காலை 6.40)

மேடம் சொன்னதோட நான் ஒண்ணு. ஒரு சுத்தியல எடுத்துக்கிட்டு அந்த வழுக்குப் பாறை மேல சாயங்காலமா ஏறு, வெயில் நேரத்துல வேண்டாம். பலகை ஓரத்துலேர்ந்து மேல் பக்கமா தட்டிக்கிட்டே போ. எது வரைக்கும் பொத்து பொத்துனு கேக்குதோ அது வரைக்கும் கழண்டிருக்கு. எங்க கணீர்னுதோ அங்க ஒரு சுண்ணாம்பு கோடு போடு. விரிசல் மேல சிமெண்ட் வச்சு ஒரு கண்ணாடித் துண்ட ரெண்டு பக்கமும் ஒட்டி வை, பாறை நகர்ந்தா கண்ணாடி உடைஞ்சுரும். கண்ணாடி ஓரத்துல தேதிய பெயிண்ட்ல எழுதி வச்சிரு. பலகைக்கு நேர் கீழ நிக்காத. பையன கூட்டிட்டு போகாத.

மலையடிவாரம் (ஞாயிறு, மாலை 7.50)

போய் பாத்துட்டேன். பையன கூட்டிட்டு போகாதன்னு சொன்னீங்க, அவன் எனக்கு முன்னாடி ஏறிட்டான், கீழயே நிக்க வச்சேன் சத்தியமா.

வழுக்குப் பாறைல ஓரத்துலேர்ந்து எட்டு அடி வரைக்கும் பொத்துனு கேக்குது. ஒரு இடத்துல கை நுழையற அளவு விரிசல், உள்ள அத்திச் செடி ஒண்ணு வேர் விட்டிருக்கு, வெட்டலாமா விடலாமான்னு தெரியாம விட்டுட்டு வந்தேன். மூணு இடத்துல கண்ணாடி ஒட்டியாச்சு. மேல நிக்கற ரெண்டு பெரிய உருண்டையும் வெறும் பாறை மேல தான், அடியில பேப்பர் நுழையல. ஆனா வடக்குப் பக்கம் புதருக்குள்ள ஒரு உருண்டை, ஆட்டோ சைஸ், செம்மண்ணுல புதைஞ்சு நிக்குது, மழைல மண்ணு போய் ஒரு பக்கம் அந்தரமா இருக்கு. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் ஆடு மேச்சிருக்கேன், பாத்ததே இல்ல. கீழ விழுந்த கல்லுல நாலு கருத்துப் போனது, ஒண்ணு மட்டும் பளிச்சுனு வெள்ளையா இருக்கு, ஒரு தேமல் இல்ல. அது கிடக்கறது கொத்தனார் கயிறு கட்டி மார்க் பண்ண இடத்துலேர்ந்து பத்து அடியில.

பாட்டிய கேட்டேன். தண்ணி வர்ற தடம் அந்த கயிறு கட்டின இடத்துக்கு நடுவுல தானாம், "யாரும் கேக்கலையே"ங்குது.

ரோட்டு ஓரம் புளியமரத்துகிட்ட தள்ளி கட்டறதுன்னு முடிவு பண்ணியாச்சு, வாசல் பாத்த திசை மாறும்னு கொத்தனாருக்கு கோவம். அந்த ஆட்டோ சைஸ் உருண்டைக்கு நாளைக்கு கலெக்டர் ஆபீஸ் போறேன்.

தமர்_மாமா (ஞாயிறு, இரவு 8.15)

அத்திச் செடிய வெட்டாத, வேரு மக்கினா அந்த ஓட்டை வழியா இன்னும் தண்ணி இறங்கும், ஆபீசர் வந்து பாக்கட்டும். அந்த வெள்ளைப் பலகை எவ்ளோ நீளம்? நல்ல தட்டையா இருந்தா துவைக்கற கல்லுக்கு ஆகும், வீணாக்காத.

மலையடிவாரம் (ஞாயிறு, இரவு 8.22)

ஆறடி மாமா. வீட்டம்மா ஏற்கெனவே இடம் பாத்து வச்சுட்டாங்க, கிணத்தடில. எத்தனை ஆள் வேணும் தூக்க?

தமர்_மாமா (ஞாயிறு, இரவு 8.30)

நாலு ஆளு, ரெண்டு கடப்பாரை, உருட்ட மூணு சவுக்கு கட்டை. வெயில் ஏறறதுக்கு முன்னாடி முடிச்சிரு.